ஒரு போட்டோ, 208 வளைவுகள்

அக்கா மகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஊருக்குப் போகும் வழியில் எங்காவது ஒரு போட்டோ எடுத்து அனுப்பி, "மாமா, இது எங்கேன்னு சொல்லுங்க" என்பாள். ஊர்ப்பெயர் சொன்னால் போதாது. கூகுள் வரைபடத்தில் புள்ளி வைத்து அனுப்ப வேண்டும். நூறு மீட்டருக்குள் இருந்தால் எனக்கு வெற்றி. அவளையோ கூட இருந்தவர்களையோ ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. இதுவரை திண்டிவனம் அருகே ஒரு ஏரி, காவிரிப் பாலம் ஒன்று, பழனிக்குப் போகும் வழியில் ஒரு காற்றாலை என்று மூன்றில் இரண்டு ஜெயித்திருந்தேன்.

இந்தப் பொங்கலுக்கு அக்காவும் அவளும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் ஏறி வந்தார்கள். ஒரு வாரம் கழித்து சென்னையிலிருந்து போட்டோ வந்தது. குன்னூரில் இருபது வருஷமாக இருக்கிறவனிடம் மலை ரயில் போட்டோவா என்று சிரித்துக்கொண்டேன். பத்து நிமிஷ வேலை என்று நினைத்தேன். ஆறு ஞாயிற்றுக்கிழமை போனது.

போட்டோவில் இருந்தது இவ்வளவுதான். இடது ஓரத்தில் அக்காவும் மகளும், செல்ஃபி. அக்கா மடியில் முறுக்குப் பொட்டலம். ஜன்னலுக்கு வெளியே, ரயிலின் முன்பக்கப் பெட்டிகள் வலப்பக்கம் வளைந்து ஒரு இரும்புப் பாலத்தைக் கடக்கின்றன. பாலம் முடிந்ததும் ஒரு பாறை, அதில் கறுப்பாகக் குகை வாய். சுரங்கம் என்று எழுத வேண்டும்தான். இங்கே எல்லோரும் குகை என்றுதான் சொல்வோம். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பம், அதன் நிழல். மேலே கொஞ்சம் வானம், ஒரு மலை விளிம்பு.

போட்டோவின் உள்ளே பதிந்திருக்கும் இடம், நேரம் எல்லாம் வாட்ஸ்அப் வழியாக வரும்போது கழன்றுவிடும். கோப்பின் பெயரில் இருக்கும் தேதியும் எனக்கு வந்து சேர்ந்த தேதிதான். பயணம் போனது மாட்டுப் பொங்கல் அன்று, ஜனவரி 15 என்பது மட்டும் எனக்கே தெரியும்.

முதலில் எந்தத் துண்டு என்று பிரித்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். அதில் 208 வளைவு, 250 பாலம், 16 குகை. கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான் நடுவில் பல் தண்டவாளம். ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று வரை போகிற இடம் அது. அங்கே நீராவி இன்ஜின் பின்னால் நின்று தள்ளும். அதனால் மேலே ஏறுகிற ரயிலில் முன்னால் இன்ஜின் தெரியாது, பெட்டிகள் மட்டும் தாமாகவே நடப்பது போல இருக்கும். போட்டோவில் அப்படித்தான் இருந்தது. பாறையை ஒட்டி லேசாக ஒரு வெள்ளைப் புகையும் இருந்தது. குன்னூருக்கு மேலே வழக்கமாக டீசல் இன்ஜின்தான். ஆக, அங்கே உள்ள அரவங்காடு, கேத்தி, லவ்டேல் நிலையங்கள் கழிந்தன.

அடுத்தது மரம். கல்லாறு என்றால் பாக்குத் தோப்பு தெரிய வேண்டும், இல்லை. ரன்னிமேட்டை நெருங்கினால் தேயிலை எட்டிப் பார்க்கும், அதுவும் இல்லை. கற்பூர மரமும் (யூகலிப்டஸ்தான்) சீகையும் இல்லை. மூங்கிலும் அடர்ந்த காடும்தான். அடர்லி நிலையத்திலிருந்து ஹில்குரோவ் நிலையத்தைக் கொஞ்சம் தாண்டும் வரை உள்ள பகுதி. அடர்லி 13-ஆவது கிலோமீட்டர், ஹில்குரோவ் 18. சரி, ஐந்தாறு கிலோமீட்டர்தானே, மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்று வர்க்கியும் டீயுமாக உட்கார்ந்தேன்.

அப்புறம்தான் வெயில் கணக்கு. எனக்கு இதில் பிடித்ததே இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நம் கடிகாரம் ஓடுவது 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து. குன்னூர் இருப்பது 76.8-இல். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிஷம். எனவே இங்கே சூரியன் உச்சிக்கு வர 23 நிமிஷம் தாமதம். ஜனவரி நடுவில் அதோடு இன்னும் ஒன்பது நிமிஷம் சேரும். அன்றைக்கு இங்கே உச்சிப்பொழுது 12:32. சன்கால்க் என்று ஒரு இணையதளம் இதையெல்லாம் தானே போட்டுக் கொடுத்துவிடும். ஆனாலும் ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

ரயில் மேட்டுப்பாளையத்தில் காலை 7:10-க்குக் கிளம்பும். கல்லாறு தாண்டி குன்னூர் சேரும்வரை, அதாவது ஏறக்குறைய 7:45 முதல் 10:30 வரை, அன்றைய சூரியன் வடக்கிலிருந்து 115 டிகிரியில் ஆரம்பித்து 137 வரைதான் நகர்கிறது. கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் உள்ள இடைவெளியில் பாதிதான் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உயரம் 12 டிகிரியிலிருந்து 46-க்கு ஏறிவிடுகிறது. இதனால் ஒரு வசதி. நேரம் சரியாகத் தெரியாவிட்டாலும் வெயில் வரும் திசை பெரிதாக மாறாது, அதை வைத்து ரயில் எந்தத் திசையில் போகிறது என்று சொல்லிவிடலாம். நிழலின் நீளத்தை வைத்து நேரத்தைச் சொல்லிவிடலாம்.

கம்பத்தின் நிழல் கம்பத்தைப்போல இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். சமதரையில் அப்படி விழுந்தால் சூரியன் 25 டிகிரி உயரத்தில். நிழல் விழுந்த இடம் சமதரையா, சற்றே சரிவா என்று போட்டோவில் சத்தியம் செய்ய முடியாது. அதனால் 20-க்கும் 30-க்கும் நடுவில் என்று வைத்தேன். நேரம் 8:20-லிருந்து 9:05. அடர்லி, ஹில்குரோவ் வட்டாரம் என்று மரம் சொன்னதையே நிழலும் சொன்னது. மனசு குளிர்ந்தது.

திசைதான் இடித்தது. பாலத்தைக் கடக்கும் முன்பெட்டிகளின் பக்கவாட்டில், பள்ளம் இருக்கும் பக்கம், வெயில் நேராக அடிக்கிறது. பள்ளம் வலப்பக்கம். 120 டிகிரியிலிருந்து வரும் வெயில் வலப்பக்கத்தில் செங்குத்தாக விழ வேண்டுமென்றால் ரயில் 30 டிகிரியில், வடகிழக்காகப் போக வேண்டும். குன்னூருக்கு ஏற வேண்டிய ரயில் கோத்தகிரிக்குப் போகிற மாதிரி!

இரண்டு ஞாயிறு இதில் போனது. மலைப்பாதை நெளியும்தானே, எங்கேயாவது கொஞ்ச தூரம் வடகிழக்காகத் திரும்பியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு வளைவாகக் கோணமானி வைத்து அளந்தேன். அந்த வரைபடத்தில் பாலமும் குகையும் தனித்தனியாகக் குறித்திருப்பதால், கூகுள் எர்த்தில் மரத்தடியில் ஒளிந்திருக்கும் தடத்தை இதில் பிடித்துவிடலாம். திசை ஓரளவு பொருந்தும் இடங்களில் பாலமும் குகையும் ஒட்டி இல்லை. பாலமும் குகையும் ஒட்டி இருக்கும் இடங்களில் பள்ளம் இடப்பக்கம். நான் அறிந்தவரையில் மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிறவர்களுக்கு எல்லோரும் சொல்வதும் அதுதான்: குன்னூர் வரை இடப்பக்கம் உட்காருங்கள், காட்சி நல்லா இருக்கும். அதை மறந்துவிட்டு நான் நேரத்தைச் சந்தேகப்பட்டேன். ஒருவேளை சாயங்காலம் இறங்கும்போது எடுத்ததோ என்று யோசித்தேன். இறங்கும் ரயிலில் முன்னால் இன்ஜின் இருந்திருக்குமே! இப்படியே மூன்றாவது ஞாயிறும் முடிந்தது.

நாலாவது ஞாயிறு, லேப்டாப் திரையில் போட்டோவைப் பெரிதாக்கி வைத்துவிட்டு முகவாயில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, அண்ணி எப்ப இருந்து குஜராத்திக்காரங்க மாதிரி சேலை கட்டறாங்க?"

"என்ன?"

"முந்தானை வலது தோள்ல கிடக்குது பாருங்க."

பார்த்தேன். கிடந்தது. மூக்குத்தியைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வலப்பக்கம்தான் குத்துவார்கள். போட்டோவில் இடப்பக்கம் மின்னியது.

செல்ஃபி கேமரா. திரையில் நாம் பார்ப்பது கண்ணாடியில் பார்ப்பது போலத்தான் தெரியும். சில போன்கள் சேமிக்கும்போது அதைத் திருப்பிவிடும், சில அப்படியே கண்ணாடி பிம்பமாகவே வைத்துக்கொள்ளும். அமைப்பில் அதற்கு ஒரு பொத்தானும் உண்டு. அவளுடைய போன் இரண்டாவது ரகம். படத்தில் எழுத்து ஏதாவது தெரிந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன். பெட்டியின் எழுத்துகள் கைக்குள் மறைந்திருந்தன. நீலமும் வெளிர் மஞ்சளும் பூசிய பெட்டி திருப்பிப் போட்டாலும் அதே பெட்டிதான். மூன்று வாரம் சூரியனை டிகிரி சுத்தமாக அளந்துகொண்டிருந்தவன், எது வலம் எது இடம் என்று பார்க்கவில்லை.

படத்தைத் திருப்பினேன். ஒரே தட்டு. பள்ளம் இடப்பக்கம் போனது. வெயில் இடப்பக்கம் செங்குத்து, ரயில் 210 டிகிரி, அதாவது தென்மேற்குப் பக்கம். இப்போது எல்லாம் தன் இடத்தில் உட்கார்ந்தது. பள்ளத்தை இடப்பக்கம் வைத்து ஏறும் ரயில் இடப்பக்கமே வளைகிறது என்றால் அது ஒரு ஓடை மடிப்பு. தடம் மலைக்குள் ஒதுங்கி, ஓடையைப் பாலத்தில் தாண்டி, எதிரே நீட்டிக்கொண்டிருக்கும் மலைமூக்கைக் குகையில் குடைந்து வெளியேறும். அடர்லிக்கும் ஹில்குரோவுக்கும் நடுவில் அந்தத் திசையில், அந்த வரிசையில் இரண்டே இடம். ஒன்றுக்கொன்று அரை கிலோமீட்டர்.

எது என்று பிரிக்க ரயில் பெட்டியையே அளவுகோலாக வைத்தேன். போட்டோவில் பாலம் சுமார் இரண்டு பெட்டி நீளம், பாலத்துக்கும் குகைக்கும் நடுவே அரைப் பெட்டி. வரைபடத்தில் இரண்டு இடமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கூகுள் எர்த்தில் கீழே இறங்கி நின்று மலை விளிம்பை ஒப்பிட்டேன். அதில் மலைகள் எல்லாம் தேய்த்துவிட்ட சோப்பு மாதிரி வழவழவென்று இருக்கும், சின்னப் பள்ளங்கள் தெரியாது. ஆனால் போட்டோவில் விளிம்பில் ஒரு வெட்டு, ஒட்டகத்தின் முதுகுபோல இரண்டு மேடு, அது மேல் இடத்தில்தான் சரியாக விழுந்தது. கீழ் இடத்தில் ஒரு மேடு இன்னொன்றை மறைத்தது. மேல் இடம் என்று முடிவு செய்தேன். முக்கால்வாசி நிச்சயம்.

மீதி கால்வாசிக்கு ரயில் ஏறினேன். தண்டவாளத்தில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாயேன் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அது குற்றம் என்பது ஒரு பக்கம், யானை நடமாட்டம் இன்னொரு பக்கம். எனக்கு இரண்டும் வேண்டாம். டிக்கெட் கிடைத்ததே பெரிய விஷயம்; ஒரு மாதம் முன்னாலேயே தீர்ந்துவிடுகிற ரயில், யாரோ ரத்து செய்த இடம் எனக்கு வந்தது. விடியுமுன் முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, அதே மலையை ரயிலில் மறுபடி ஏறினேன். இங்கே குடியிருந்து கொண்டு இப்படிச் செய்கிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கல்லாறு தாண்டியதும் அடியில் கடகடவென்று பல் பிடிக்கும் சத்தம். இரண்டு பல் தண்டவாளம் பக்கம் பக்கமாக, ஒன்றின் பல் நிற்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வருமாறு போட்டிருப்பார்கள். எந்த நேரமும் ஒரு பல்லாவது கடித்துக்கொண்டிருக்கும். 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கியதிலிருந்து இதே ஏற்பாடுதான். இடப்பக்க ஜன்னல், கையில் திருப்பிய போட்டோ, மடியில் போன். செல் டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தேன்.

கீழ் இடம் வந்தது. பாலம், குகை, எல்லாம் உண்டு. ஆனால் பாலத்துக்கு முன்னால் கம்பம் இல்லை. அடுத்த சில நிமிஷம் எதிர் சீட்டில் இருந்த குழந்தை என்னையே பார்த்தது. நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன் போல. மேல் இடம் வந்தது. முதலில் கம்பம். பிறகு பெட்டிகள் இடப்பக்கம் வளைந்து பாலத்தில் ஏறின. ஒட்டக முதுகு பாறைக்கு மேலே தெரிந்தது. பாலத்தின் கற்சுவரில் வெள்ளை எழுத்தில் எண் இருந்தது, படிப்பதற்குள் குகை வந்துவிட்டது. பெட்டி முழுக்க எல்லோரும் "ஓ" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன், வேறு காரணத்துக்காக.

புள்ளியை அன்று மதியமே அனுப்பினேன். முதலில் அக்காதான் கூப்பிட்டார்.

"ஏன் தம்பி, இதுக்கா ஆறு வாரம்? என் மடியில முறுக்கு இருக்குதே, பார்க்கலையா? ஹில்குரோவ்ல நின்னப்ப குரங்கு அம்புட்டையும் புடுங்கிட்டுப் போயிருச்சு. அதுக்கு முன்னாடி எடுத்ததுதான்."

அக்கா மகள் அசல் போட்டோவில் பதிந்திருந்த இடத்தை அனுப்பினாள். என் புள்ளியிலிருந்து 120 மீட்டர். நூறுக்கு மேல், எனவே மாமாவுக்குத் தோல்வி என்று ஒரு சிரிக்கும் பொம்மையும் வந்தது. அந்தப் புள்ளியை வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். மடிப்புக்குள் சாட்டிலைட் சிக்னல் பாறையில் மோதித் திரும்பி வரும், போன் குழம்பிப்போகும். அவள் புள்ளி விழுந்திருப்பது பாலத்துக்கு அந்தப் பக்கம், குகைக்கு நடுவில். குகைக்குள் அக்கா முகத்தில் வெயில் எப்படி அடித்தது என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்து நான்கு நாளாகிறது.