முன்... னேறு

ஜூலை 21 நெருங்குகிறது. 1964-இல் இங்கே சிங்கப்பூரில் நடந்த இனக்கலவரத்தை மறக்கக்கூடாது என்பதற்காக, 1997 முதல் பள்ளிகளில் அந்த நாளை இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடுகிறோம். பிள்ளைகள் சேலை, மலாய் உடையான பாஜு குரோங், சீன உடையான சியோங்சாம் என்று உடுத்திக்கொண்டு படம் பிடித்துக்கொள்வார்கள். பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு அதைவிட, அதற்கு முன்னால் நடக்கும் பாட்டுப் பயிற்சிதான் முக்கியம்.

எங்கள் பிள்ளைகள் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள், ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள். தாய்மொழிப் பாடம் வந்தால் சீனம், மலாய், தமிழ் என்று தனித்தனி அறைகளுக்குப் போய்விடுவார்கள். பக்கத்து நாற்காலிக்காரன் வீட்டில் என்ன மொழி என்று தெரியும். அதன் ஓசை தெரியாது.

போன வாரம் தொடக்கநிலை நான்கில் 'முன்னேறு வாலிபா' எடுத்தேன். தேசிய தினம் வந்தால் எல்லா இனத்தவரும் பாடும் தமிழ்ப் பாட்டு. முதல் வருடம் ஆங்கில எழுத்தில் பலகையில் எழுதிப்போட்டேன். தப்பு. எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள், யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இப்போது எழுத்தே கிடையாது. 38 பேரில் மூன்றே தமிழ்ப் பிள்ளைகள். ஆளுக்கொரு குழு, அவர்கள் வாயைப் பார்த்துத்தான் மற்றவர்கள் பிடிக்க வேண்டும்.

அந்த மூவரில் ஒருத்தி வகுப்பில் வாயே திறக்காதவள். அவள் குழுவிலிருந்த சீனப் பையன் "முனேலு" என்றான். இவள் தலையாட்டி மறுத்தாள். அவன் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னான். கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் 'முன்' என்று சொல்லி உள்ளங்கையை மேசையில் அழுத்தி நிறுத்தினாள். கையை எடுத்த பிறகுதான் 'னேறு'. மூன்றாம் தடவை அவனுக்கு அந்த அழுத்தம் வந்துவிட்டது. 'று' வரவில்லை. அதை அன்றைக்கு விட்டுவிட்டாள். எதைத் திருத்துவது, எதை இப்போதைக்கு விடுவது என்று அவளே முடிவு செய்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மறுநாள் மலாய்ப் பாட்டு, 'சான் மாலி சான்'. 'கம்பிங்' என்ற சொல்லை நம் பிள்ளைகள் 'கம்பிங்கு' என்பார்கள்; சொல் முடிவில் உகரம் போடுவது நம் நாக்கின் பழக்கம். மலாய்ப் பையன் ஒருவன் மூக்கைத் தொட்டுக் காட்டினான். வாய் திறக்காத அந்தப் பெண்ணும் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டாள். "கம்பிங் என்றால் என்ன?" என்று முதல்முறையாக அவளாகவே கேட்டாள். ஆடு என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

சீனப் பாட்டுக்குத்தான் எல்லாரும் பயப்படுவார்கள். ஆனால் பேச்சிலுள்ள ஏற்ற இறக்கத்தைப் பாட்டில் பெரும்பாலும் மெட்டே எடுத்துக்கொள்வதால், பேசுவதைவிடப் பாடுவது சுலபம்.

குரல் நன்றாக இருப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் செய்திருந்தால் இவள் வெளியே நின்றிருப்பாள்.

வெள்ளிக்கிழமை இடைவேளையில் கேன்டீன் வரிசையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். பின்னாலிருந்து அந்தச் சீனப் பையன், "முன்... னேலு!" என்றான். பொருளைக் கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிறான். அவள் திரும்பி, "று" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓரடி முன்னே நகர்ந்தாள்.