ராத்திரி டின்னருக்கு மறுபடியும் போறீங்களா? பிரியாணியை வைத்தே பாருங்கள்

வேலூரில் மங்கலான விளக்கும் துணி நாப்கினுமாக இருக்கும் பெரிய ரெஸ்டாரண்டை ஒரே தடவையில் எடைபோட முடியாது. அன்றைக்கு மாஸ்டரின் கைப்பக்குவம் நன்றாக அமைந்திருக்கலாம். இரண்டாவது தடவை வேறு கிழமையில் போய், போன முறை பிடித்ததையே மறுபடி சொல்லுங்கள். நம்ம வட ஆற்காட்டில் அது பெரும்பாலும் ஆம்பூர் மட்டன் பிரியாணிதான்.

டேபிள் புக் பண்ணும்போதே, "ராத்திரிக்குத் தனியா தம் போடுறீங்களா, எத்தனை மணிக்கு உடைப்பீங்க?" என்று கேளுங்கள். நேரம் சொன்னால், அதிலிருந்து அரை மணிக்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள். "எப்பவும் ரெடியா இருக்கும் சார்" என்றால் மதியம் தேக்சாவில், அதாவது பெரிய அண்டாவில், செய்து மிஞ்சியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்தப் பிரியாணிக்குப் போடும் சீரகச் சம்பா அரிசி மறுசூட்டைத் தாங்காது. கிளறினால் உடையும், ஆவியிலேயே நின்றால் குழையும், மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் விறைத்துவிடும்.

தட்டு வந்ததும் நிறத்தைப் பாருங்கள். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதுதான் ஆம்பூர் பிரியாணிக்கு நிறமும் காரமும், செம்பழுப்பாக இருக்கும். ஆரஞ்சாகப் பளிச்சென்று இருந்தால் அது கலர் பொடி. கறியை அந்த விழுது, தயிர், வெங்காயம், தக்காளியோடு வேகவிட்டு, அரிசியைத் தனியே முக்கால் பதத்தில் வடித்துக் கொட்டி, மூடிமேல் தணல் போட்டுத் தம் வைப்பது இந்தப் பக்கத்து முறை. அதனால் மேல் அரிசி வெளுத்திருப்பது குறையே இல்லை. மேலாக வாரிப் போட்டால்தான் வெறும் சோறு வரும். ஓரமாகக் கரண்டியை இறக்கி அடியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டு பருக்கையை விரலால் நசுக்குங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் சீக்கிரம் வடித்துவிட்டார்கள். மாவாகப் பூசிக்கொண்டால் தாமதம். கறி எலும்பை விட்டுச் சுலபமாகப் பிரியணும், ஆனால் நார் தெரியணும். கூழாக இருந்தால், கறி மெத்தென்று ஆகப் போடும் பப்பாளிக்காய் அதிகம். உள்ளே உப்பு ஏறவில்லையா, தனியாக வேகவைத்துக் கடைசியில் கலந்திருக்கிறார்கள். இந்த விலைக்கு அதை ஏற்கவே கூடாது, மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

தொட்டுக்கொள்ள வரும் கத்திரிக்காயையும் விடாதீர்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய முள் கத்திரிக்காய் இங்கே இலவம்பாடியில்தான் விளைகிறது. அதைத் தேடி வாங்கிச் சமைக்கிற இடத்தை நம்பலாம். புளியின் பச்சை வாசனை போய், எண்ணெய் பிரிந்திருக்கணும்.

பில்லில் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது 2,000 ரூபாய்க்கு 100. அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போகும் ஹோட்டலுக்குள் என்றால் 18 சதவீதம். சர்வீஸ் சார்ஜைத் தானாகவே சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. எடுத்த பிறகு மொத்தத்தை மறுபடி கூட்டிப் பாருங்கள். அந்தச் சார்ஜுக்கும் சேர்த்தே ஜிஎஸ்டி போட்டிருப்பார்கள், அதுவும் குறையணும்.