மண் அட்டையில் இல்லாத கட்டம்

சித்தப்பாவின் கழனி ஆம்பூர் பக்கம், பாலாற்றை ஒட்டி இருக்கிறது. மண்ணைச் சோதித்து அரசு அவருக்குக் கொடுத்த மண்வள அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்தில் ஆரம்பித்து துத்தநாகம், போரான் வரை 12 விஷயங்கள். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகத்துக்கு அதில் கட்டம் இல்லை. டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை, விட்ட கழிவுத் தண்ணீர் வருஷக்கணக்கில் ஓடிய ஊருக்கும் மற்ற ஊருக்கும் ஒரே அட்டைதான். உரம் எவ்வளவு போடலாம் என்று சொல்லத்தான் அது வந்தது, அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

நெல் விளைச்சல் குறைந்துவிட்டால் ஊரில் எல்லாரும் குரோமியத்தைத்தான் திட்டுவார்கள். எனக்கென்னவோ முதல் அடி உப்புடையது என்றே தோன்றுகிறது. பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பைக் கொட்டி வைப்பார்கள். அதை அலசிய தண்ணீர்தான் கிணற்றுக்கும் கழனிக்கும் இறங்கியது. கோடையில் வரப்போரம் வெள்ளையாகப் பூத்திருக்கும், தண்ணீர் பாய்ச்சினால் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும், கதிரை உருவிப் பார்த்தால் கையில் பாதி கருக்காய், உள்ளே அரிசி பிடிக்காத நெல். இந்தச் சேதத்தைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். டேனரிக் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலேயே, டேனரிப் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக இருக்கிறது.

குரோமியத்தின் சங்கதி வேறு. அதில் மூவிணையம் (Cr III), அறுவிணையம் (Cr VI) என்று இரண்டு வகை முக்கியம். தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைய வகை. அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பயிருக்குள் போனாலும் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும், நெல்மணிக்குக் கொஞ்சம்தான் ஏறும். அறுவிணைய வகைதான் பொல்லாதது. தண்ணீரோடு நகரும், கந்தகச்சத்து போகிற வழியிலேயே வேருக்குள் நுழையும். விதை முளைப்பு குறையும், வேர் நீளாது, இளம் இலை இரும்புச்சத்து இல்லாதது போல வெளுக்கும். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலை விட்டுப்போன ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான கழிவில் இருப்பது இந்த வகை.

ஆக, மகசூல் குறைந்தால் நமக்குத் தெரிந்துவிடும். மகசூல் குறையாமல் தரம் மட்டும் கெட்டால்? காட்மியம் என்ற நச்சு உலோகம் அப்படித்தான். நெல் செழிப்பாக நிற்கும், மூட்டைக் கணக்கும் சரியாக வரும், அரிசியில் மட்டும் ஏறியிருக்கும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் விளைந்த அரிசியைத் தின்றவர்களுக்கு எலும்பு நொறுங்கியது இதனால்தான். கீரைகளும் இலையில் காட்மியத்தை நன்றாகவே சேர்த்துக்கொள்ளும்.

சித்தப்பா இப்போது பாதி நிலத்தில் சாமந்தி போட்டிருக்கிறார். "பூவுல என்ன ஏறினா என்னடா, யாரு திங்கப் போறா?" என்கிறார். யோசனை நல்லதுதான். ஆனால் வீட்டுப் பின்னால் சித்தி போட்டிருக்கும் அரைக்கீரைப் பாத்திக்கும் அதே போர்த் தண்ணீர்தானே பாய்கிறது? கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

அடுத்த முறை தனியார் ஆய்வகத்துக்கு மண்ணோடு போர்த் தண்ணீரும் பிடுங்கிய கீரையும் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். மொத்தக் குரோமியம் என்று ஒரே எண்ணைக் கொடுத்தால் போதாது. அறுவிணைய வகையைத் தனியாகப் பார்க்கச் சொல்ல வேண்டும், கூடவே காட்மியம், ஈயம். செலவு என் பொறுப்பு என்றதும்தான் "சரி, பாக்கலாம்" என்றார்.