மாட்டுப்பட்டி அணையும் கண்ணாடித் தண்ணீரும்

2024 நவம்பர் 11-ல் கொச்சி போல்காட்டியிலிருந்து ட்வின் ஆட்டர் என்ற நீர் விமானம் வந்து மாட்டுப்பட்டி அணையில் இறங்கியதைப் பார்த்து, நீர் விமானம் ஓட்டப் படிக்க நினைக்கும் மூணாறு தம்பி தங்கைகளுக்கு.

சின்ன அலை நமக்கு நண்பன். பயப்பட வேண்டியது அசையாத தண்ணீருக்குத்தான். காற்றில்லாத காலையில் மலை அப்படியே அணைக்குள் தெரியும். நீர்மட்டம் எங்கே என்று கண் ஏமாந்துவிடும். தண்ணீரை மட்டும் பார்த்து உயரத்தைக் கணிக்கவே கூடாது. உயரம் புரிய, கரையை ஒட்டி வாங்க. மூக்கை லேசாகத் தூக்கி, நிமிடத்துக்குச் சுமார் 150 அடி இறங்குகிற மாதிரி இன்ஜின் சக்தியை ஒரே அளவில் வைத்து, விமானத்தின் அடியிலுள்ள மிதவை தண்ணீரைத் தொடும்வரை அப்படியே பிடிங்க. இதற்கு நீளம் நிறைய வேண்டும். மலைகள் சூழ்ந்த அணையில் அதை முன்னாலேயே கணக்குப் போடணும்.

மிதவையோடு சக்கரமும் இருந்தால், சக்கரம் மேலே ஏறிவிட்டதா என்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபாருங்க. வெளியே நீட்டிக்கொண்டு தண்ணீரைத் தொட்டால் விமானம் தலைகுப்புறக் கவிழும்.

கிளம்புமுன் மிதவையின் ஒவ்வொரு அறையிலும் பம்ப் வைத்து நீரை இறைங்க. ஒரே அறையில் மட்டும் நிறைய வருகிறதா? ஒழுகல். அன்றைக்குப் பறக்காதீங்க. வேகமெடுக்குமுன் தண்ணீர்ச் சுக்கானை (தண்ணீரில் மெதுவாகப் போகும்போது விமானத்தைத் திருப்ப உதவுவது) தூக்கிடணும். உயரத்தில் காற்று மெலிசு, இன்ஜின் சக்தியும் குறையலாம். அதனால் மேலெழும் ஓட்டம் கொச்சிக் காயலைவிட இங்கே நீளும்.