ஜினி எண் குறைந்தால் வயிறு நிறையுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோயில் வாசலிலோ கல்யாண வீட்டிலோ குற்றங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், சிலர் ஏழ்மைதான் காரணம் என்பார்கள், சிலர் ஏற்றத்தாழ்வு என்பார்கள். இரண்டும் ஒன்றே என்பதுபோல் பேச்சு முடிந்துவிடும். ஐந்து வீடுகளை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டும் வேறு என்று தெரியும்.

மாத வருமானம் 2,000, 3,000, 5,000, 10,000, 80,000 ரேண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்ததிலிருந்து 1 முதல் 5 வரை எண்ணிட்டு, அந்தந்த எண்ணால் வருமானத்தைப் பெருக்கிக் கூட்டினால் 4,63,000. அதை இரட்டித்து, 5,00,000ஆல் (மொத்த வருமானம் பெருக்கல் வீடுகள்) வகுத்து, 1.2ஐக் கழித்தால் 0.652. இந்த 1.2 ஐந்து வீட்டுக்கு மட்டும்; வீடுகளின் எண்ணிக்கை மாறினால் இதுவும் மாறும். இதுதான் ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி எண்; எல்லாருக்கும் சமமாக இருந்தால் 0, இடைவெளி கூடக்கூட 1ஐ நெருங்கும். தென்னாப்பிரிக்காவுக்கு 2014ஆம் ஆண்டுக்கு உலக வங்கி தந்தது 0.63, அது வீட்டுச் செலவைக் கொண்டு கணக்கிட்டது. வருமானத்தைக் கொண்டு கணக்கிடும் பிரேசிலோடு அதை நேராக ஒப்பிடுவது பலரும் செய்யும் பிழை.

பணக்கார வீட்டின் வருமானம் 60,000 ஆகச் சரிந்தால் ஜினி 0.615. ஏற்றத்தாழ்வு குறைந்தது, ஆனால் முதல் வீட்டுக்கு ஒரு ரொட்டிகூடக் கூடவில்லை. எல்லார் வருமானமும் இரட்டித்தால் ஜினி அசையாது, பசி குறையும்.

அடுத்த சிக்கல் நுட்பமானது. 2,000 ரேண்ட் வீட்டுக்கு 500 ரேண்ட் கூடினால் பிள்ளையின் உடம்பு தேறும். 80,000 ரேண்ட் வீட்டில் 500 குறைந்தால் யாருக்கும் நோய் வராது. ஆகவே பணம் பரவலாக இருக்கும் நாட்டில் சராசரி ஆயுள் கூடும். அதை வைத்து 'இடைவெளியே மனிதரை நோயாளியாக்குகிறது' என்று சொல்லிவிட முடியாது என்று 1998இல் பொருளியலாளர் ஹியூ கிராவல் எடுத்துக்காட்டினார். ஏழை வீட்டின் ஏழ்மையே அங்கே பெரும்பகுதியை விளக்கிவிடலாம்.

வன்முறை வேறு கதை. இந்தியாவின் தலா வருமானம் தென்னாப்பிரிக்காவினதைவிடக் குறைவு. ஆனால் 2022இல் இங்கே லட்சம் பேருக்கு 40க்கு மேல் கொலை, அங்கே 3க்கும் குறைவு. வறுமை மட்டும் காரணமென்றால் இது தலைகீழாக இருக்க வேண்டும். 2002இல் ஃபாய்ன்சில்பர், லெடர்மன், லோயசா ஆகிய பொருளியலாளர்கள் பல நாட்டுப் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டு, ஏற்றத்தாழ்வு கூடும் இடத்தில் கொலையும் கொள்ளையும் கூடுவதைக் கண்டார்கள். துப்பாக்கிப் புழக்கமும், ஆண்களைச் சுரங்கத்துக்கு இழுத்துக் குடும்பங்களைப் பிரித்த பழைய முறையும் இங்கே சேர்ந்துகொள்கின்றன. இடைவெளி தனியே எல்லாவற்றையும் செய்யவில்லை. இங்கே அந்த இடைவெளி சட்டம் போட்டு வரைந்தது. எந்த இனம் எங்கே வாழலாம் என்று வகுத்த 1950இன் குழுப் பகுதிச் சட்டம், இந்திய வம்சாவளியினரான நம்மவர்களை டர்பனின் ஓரத்தில் சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளியது. பக்கத்திலேயே உம்லாசி ஆப்பிரிக்கர்களுக்கு. நல்ல வேலையும் நல்ல பள்ளியும் வேறு பக்கம். இங்கே 2021 ஜூலைக் கலவரத்தில் 350 பேருக்கு மேல் இறந்ததைப் பசியால் மட்டும் விளக்க முடியாது.

ஆகவே மருந்தும் வேறு வேறு. பசிக்கு அரசின் உதவித்தொகை நேராக வேலை செய்யும், ஆனால் அளவு போதாது: 2024 ஏப்ரலில் பிள்ளைக்கு மாதம் 530 ரேண்ட்; அரசின் புள்ளியியல் துறை அதே ஆண்டில் ஒருவருக்குக் குறைந்தபட்ச உணவுக்கு வைத்த வறுமைக் கோடு 796. குறைவது 266 ரேண்ட். அதை நிரப்பினாலும் உம்லாசிக்காரரின் பஸ் செலவு குறையாது. அதற்கு வேலை நடக்கும் இடத்தருகே வீடு வேண்டும்.