கண்மணி விரிந்த நாட்கள்: ஒரு குதிரைக் கண்ணின் நாட்குறிப்பு

அக்டோபர் 14

மார்வாரிப் பெண் குதிரை, 9 வயது, சுமார் 400 கிலோ. இடது கண் பாதி மூடியிருக்கிறது, கன்னத்தில் ஈரக்கோடு. மேல் இமை மயிரைப் பார்த்தாலே போதும். வலது கண்ணில் நேராக நீண்டு நிற்கிறது, இடது கண்ணில் தரையைப் பார்த்துச் சரிந்திருக்கிறது. கண் சிவக்காமல் இருந்தாலும் இந்தச் சரிவு வலிக்கு நம்பகமான அடையாளம்.

கண்மணியை (கண் நடுவே ஒளி புகும் துளையை) விரிக்கும் சொட்டை எடுத்த எடுப்பில் விட்டுவிடக் கூடாது. முதலில் டார்ச் அடித்து இரண்டு கண்மணியும் சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சொட்டு போன பிறகு அந்தக் கண்ணின் சுருக்கத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. அடுத்து கண் அழுத்தம். அளக்கும்போது தலை நெஞ்சை விடத் தாழ்ந்திருந்தால் அளவு பொய்யாக ஏறும். வலது 22, இடது 9 (மில்லிமீட்டர் பாதரசம்). வீக்கம் (அழற்சி) வந்த கண்ணில் அழுத்தம் இறங்குவது வழக்கம்தான். ஏறியிருந்தால் கண் அழுத்த நோயா என்ற கேள்வி எழும், விரிக்கும் மருந்தும் யோசனைக்குரியதாகிவிடும். கடைசியாக, புண் இருந்தால் அங்கே பச்சையாக ஒட்டும் ஃப்ளோரசின் சாயம். பச்சை எங்கும் ஒட்டவில்லை, அதனால் கார்னியாவில் (கண்ணின் முன்புறத் தெளிந்த படலத்தில்) புண் இல்லை. இடது கண்மணி ஒரு கீறல் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது, கார்னியாவுக்குப் பின்னுள்ள நீர் கலங்கல்.

இரண்டு கண்ணிலும் விரிக்கும் சொட்டான 1% ட்ரோபிகமைடு. வலதுக்கும் விட்டது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. 25 நிமிடத்தில் வலது கண்மணி படுத்த முட்டை வடிவத்தை விட்டு ஏறக்குறைய வட்டமானது. மேல் விளிம்பில் தொங்கும் கருங்குருணைகள் ஓரத்துக்கு ஒதுங்கின, பின்னால் பச்சையும் நீலமுமாய்த் தபீட்டம் (ஒளியைத் திருப்பியடிக்கும் உட்படலம்) மின்னியது. இடது கண் 40 நிமிடம் ஆகியும் அசையவில்லை. இதை மருந்தின் தோல்வி என்று எழுதக் கூடாது. வீங்கிய ஐரிஸின் (கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையத்தின்) இறுக்கத்தை ட்ரோபிகமைடு போன்ற மென்மையான மருந்து அவிழ்க்காது. விரிய மறுத்ததே ஒரு தகவல்: யூவியைட்டிஸ், அதாவது ஐரிஸும் அதை ஒட்டிய உள்பகுதிகளும் வீங்கும் நோய்.

மனிதக் கண்ணுக்கு மருந்துக் கடையில் கிடைப்பதில் ட்ரோபிகமைடோடு பினைலெஃப்ரின் என்ற இன்னொரு விரிக்கும் மருந்தும் கலந்த குப்பி உண்டு. பினைலெஃப்ரின் தனியாகக் குதிரைக் கண்மணியைச் சொல்லும்படி விரிப்பதில்லை. பினைலெஃப்ரின் கலக்காத ட்ரோபிகமைடு கிடைத்தால் அதையே வாங்கலாம்.

அக்டோபர் 15

மருத்துவர் சொன்னபடி இடது கண்ணுக்கு, இன்னும் வலுவாக விரிக்கும் 1% அட்ரோபின் சொட்டு, 6 மணி நேரத்துக்கு ஒரு தரம் 0.1 மில்லி. புண் இல்லாததால் வீக்கம் தணிக்கும் ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் அசிட்டேட் 1% சொட்டும் உண்டு. குப்பியை நன்றாகக் குலுக்கியபின் விட வேண்டும், அடியில் படிந்த வெள்ளைதான் மருந்து. வலிக்கும் வீக்கத்துக்கும் ஃப்ளூனிக்சின், கிலோவுக்கு 1.1 மில்லிகிராம்: 440 மில்லிகிராம், மில்லிக்கு 50 மில்லிகிராம் செறிவுள்ள மருந்தில் 8.8 மில்லி, ரத்தக்குழாய் (சிரை) வழியாக, 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. அட்ரோபினுக்கு இங்கே இரண்டு வேலை. இழுத்துப் பிடித்த உள்தசையைத் தளர்த்தி வலியைக் குறைக்கும். கண்மணியை விரித்து வைத்து, ஐரிஸ் லென்ஸோடு ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும். ஒட்டிவிட்டால் பிறகு பிரிப்பது கடினம்.

விடும் முறை: குதிரையின் இமைத் தசைக்கு நம் இரண்டு விரல் எதிராளி ஆகாது. 1 மில்லி சிரிஞ்சில் 0.1 மில்லி எடுத்து, ஊசியின் உலோகத்தை அடியோடு ஒடித்து நீக்கி, பிளாஸ்டிக் முனை மட்டும் இருக்கும்படி செய்து, பக்கவாட்டிலிருந்து கார்னியா மேல் மெல்லத் தெளித்தோம். உலோகத் துணுக்கு மிச்சமில்லையா என்று ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். குப்பியை நேராகக் கவிழ்த்தால் குதிரை தலையைத் தூக்கும், முனை இமையில் இடிக்கும், குப்பி முழுக்க அழுக்காகும். ஒரு மருந்துக்கும் அடுத்ததுக்கும் 5 முதல் 10 நிமிடம் இடைவெளி, இல்லையேல் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும்.

அக்டோபர் 16

மாலை 5 மணிக்கு இடது கண்மணி பெரிதாகியிருக்கிறது. கீழ் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் உள்ளே இழுத்துப் பிடித்த மாதிரி ஒரு பள்ளம். வலது கண் தன் நிலைக்குத் திரும்பிவிட்டது. ட்ரோபிகமைடு அரை நாளுக்குள் விடைபெறும். மறுநாள் காலை சேர்த்தது: இரவுக் கையாள் 10 மணிக்கும் விடிகாலை 4 மணிக்கும் பழைய கணக்கிலேயே அட்ரோபின் விட்டிருக்கிறார். கண் விரிந்ததைப் பார்த்தபோதே கணக்கைக் குறைத்துப் பலகையில் எழுதியிருக்க வேண்டும். அவர் மேல் பழியில்லை.

அக்டோபர் 17

காலை லாயத்தில் லத்தி (சாணம்) 4 குவியல்தான். இந்தக் குதிரைக்கு ஒரு நாளில் 9 அல்லது 10 வழக்கம். வலது விலா மேல்பக்கம் காதை வைத்துக் கேட்டால், ஒரு நிமிடத்துக்கு ஒரு தரமாவது கேட்கும் குடல் ஓட்டச் சத்தம் இரண்டு நிமிடமாகியும் வரவில்லை. இதயத் துடிப்பு 48. வயிற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை, தரையைக் காலால் சுரண்டவில்லை. மருத்துவரிடம் பேசி அட்ரோபினை நிறுத்தினோம். அடர்தீவனம் வேண்டாம், தண்ணீர் தாராளம், 15 நிமிட நடை.

ஏன் இப்படி ஆனது? கண்ணில் விட்டது கண்ணோடு நிற்பதில்லை. மிச்சம் கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு வந்து, அங்கே ரத்தத்தில் கலக்கிறது. நாசித் துவாரத்தின் தரையில் தோலும் சவ்வும் சேரும் இடத்தில் ஒரு சிறு துளை தெரியும். ஃப்ளோரசின் விட்டுச் சில நிமிடம் காத்திருந்தால் அந்தத் துளையில் பச்சை எட்டிப்பார்க்கும். அட்ரோபினும் அதே வழியில்தான் போகிறது. 0.1 மில்லியில் 1 மில்லிகிராம் மருந்து. வீக்கம் கடுமையாக இருக்கும்போது கண் அதைச் சீக்கிரம் கரைத்துவிடும். வீக்கம் தணியத் தணிய அதே அளவு கூடுதலாகிவிடுகிறது. ஆகவே கடிகாரத்தைப் பார்த்து விடாதீர்கள், கண்மணியையும் லத்தியையும் பார்த்து விடுங்கள். கண்மணி விரிந்ததும் நாளுக்கு ஒன்று, பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள்.

மாலை லத்தி மேலும் 3 குவியல், குடல் சத்தம் திரும்பிவிட்டது. துடிப்பு 40.

அக்டோபர் 18

வெயில். இடது கண்ணைக் கூசி மூடுகிறது. முகத்திரை போட்டு வேப்ப மர நிழல். குதிரைக்குக் கிட்டப் பொருளைப் பார்க்கக் கண்ணைச் சரிசெய்துகொள்ளும் திறன் முன்பே குறைவு, அதனால் அட்ரோபினால் அந்த இழப்பு பெரிதில்லை, கஷ்டம் கூச்சம்தான். நிழலிலிருந்து வெயிலுக்கு அடியெடுத்து வைக்கும் நொடியில் மிரளும். ஏறிச் சவாரி வேண்டாம், இடப்பக்கமிருந்து சத்தமில்லாமல் போய்த் தொடவும் வேண்டாம். பந்தயத்துக்கோ போட்டிக்கோ பெயர் கொடுத்த குதிரையென்றால் கண்ணில் விட்ட அட்ரோபினும் மருந்துச் சோதனையில் கணக்குத்தான்.

ஒரு பக்கக் குறிப்பு. எந்தச் சொட்டும் விடாத குதிரைக்கு இரண்டு கண்மணியும் விரிந்து, லத்தியும் குறைந்தால் புல்கட்டை அவிழ்த்துப் பாருங்கள். ஊமத்தைச் செடி கலந்திருக்கலாம். அதிலிருப்பதும் அட்ரோபின் வகையே. மருந்து விட்ட கையால் தன் கண்ணைத் தேய்த்தவருக்கும் ஒரு கண்மணி மட்டும் பெரிதாகும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவவும்.

அக்டோபர் 21

நிறுத்தியிருந்த அட்ரோபின் நேற்று மீண்டும் 1 முறை. அழுத்தம் 14. ஃப்ளூனிக்சின் நிறுத்தியாயிற்று. லாயத்தை ஒட்டி நெல் வயல், மழைநீர் தேங்கிய குழி, எலி. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரா என்ற கிருமி இந்த வீக்கத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று என்பதால் ரத்தம் அனுப்பியிருக்கிறது. தீவனப் பெட்டிக்குத் தகர மூடி வந்தாயிற்று.

அக்டோபர் 27

கடைசி அட்ரோபின் 22ஆம் தேதி. ஐந்து நாளாகியும் கண்மணி விரிந்தேதான் இருக்கிறது. இதில் பதற்றப்பட ஒன்றுமில்லை. வீக்கம் தணிந்த கண்ணில் அட்ரோபின் ஒரு வாரத்துக்கு மேலும் தங்கும். கறுத்த ஐரிஸில் உள்ள மெலனின் மருந்தைப் பிடித்துவைத்து மெல்ல விடுகிறது. விரல் நீட்டினால் இமைக்கிறது, காற்றுப் படாதபடி தள்ளி நின்று சோதித்தோம். பார்வை இருக்கிறது.

நவம்பர் 5

இடது கண்மணி வெயிலில் சுருங்குகிறது, வலது அளவுக்கு இல்லை. கீழ் விளிம்புப் பள்ளம் அப்படியே நிற்கிறது, அங்கே ஐரிஸ் ஒட்டிவிட்டது. லென்ஸ் முகத்தில் மிளகுத்தூள் தூவினது போல மூன்று கறுப்புப் புள்ளிகள். இந்த நோய் திரும்பத் திரும்ப வரக்கூடியது என்பதால் இரண்டு கண்ணையும் படம் எடுத்து, தேதி எழுதி லாயக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.