பின்னணிக்கு ஒரு செவ்வகம்

இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளில் வெள்ளைத் தாளில் வரைவது போலத்தான் தெரியும். அதை பிஎன்ஜி படக் கோப்பாக ஏற்றுமதி செய்து, டார்க் மோடில் இருக்கும் போனில் திறந்தால் வெள்ளையைக் காணோம். கறுப்பு எழுத்துகள் இருட்டோடு கலந்துவிட்டிருக்கும். டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டீஸில் பக்க நிறத்தைத் திறந்து பாருங்கள், ஆல்ஃபா, அதாவது ஒளிபுகாமையின் அளவு, பெரும்பாலும் 0-வில் இருக்கும். 100-க்கு இழுத்துவிட்டால் பிஎன்ஜி-க்கு அது போதும்.

இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி கோப்பாகவே அனுப்ப வேண்டுமா, அங்கேதான் தகராறு. அந்தப் பக்க நிறத்தை இங்க்ஸ்கேப் தனக்கான குறிப்பாக மட்டும் கோப்பில் எழுதி வைக்கிறது. பிரவுசர்கள் அதைச் சட்டை செய்வதில்லை.

அதனால் நான் நம்புவது செவ்வகத்தைத்தான். எல்லாவற்றுக்கும் அடியில் தனி லேயர், அதில் வெள்ளை நிரப்பிய செவ்வகம், அவுட்லைன் இல்லாமல். பக்கத்தை விட நாலு பக்கமும் கொஞ்சம் பெரிதாகவே போடுவேன். சரியாகப் பக்க அளவுக்கே வைத்தால், பிக்சல் கணக்கு இடிக்கும்போது விளிம்பில் பாதி ஒளிபுகும் மெல்லிய கோடு ஒன்று வந்து தொலைக்கும். அப்புறம் லேயரைப் பூட்டிவிடலாம். பூட்டினாலும் ஏற்றுமதியில் வரும், மறைத்தால்தான் வராது. ஏற்றுமதிப் பரப்பு மட்டும் ‘டிராயிங்’ இல்லாமல் ‘பேஜ்’ என்று இருக்கட்டும்.